பென்ஷன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. என் தங்கச்சி மாப்பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். வயது 46. காலாட்படையில் 17 வருஷம், அதில் இரண்டு தடவை காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்ற தீவிரவாத எதிர்ப்புப் படையில். 2015இல் ஹவில்தாராக ஓய்வு. நானும் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன்தான். ஆனாலும் இது என் கைக்கு அடங்கவில்லை.

வலது காதில் எந்நேரமும் இரைச்சல். இடுப்பு வலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக். ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். திடுக்கிட்டு எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்கு ஊரைவிட்டே போய்விடுவார். கேன்டீன் சரக்கு தினம் அரை பாட்டில், கோட்டா தீர்ந்தால் டாஸ்மாக். ஓய்வுப் பணத்தை ஒரு விசைப்படகில் பங்காகப் போட்டார், அது திரும்பவில்லை. இப்போது செக்யூரிட்டி வேலை. அதற்காக லைசென்ஸ் எடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கிறது.

போன மாதம் வரை கத்தல், சண்டை. பத்து நாளாக ஆளே மாறிவிட்டார். கைமாற்றுக் கடனை அடைத்தார். பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), பாஸ்புக் எல்லாவற்றையும் தங்கச்சி கையில் கொடுத்து, குடும்பப் பென்ஷனுக்கு எந்த ஆபீஸ், என்னென்ன காகிதம் என்று சொல்லிக் கொடுத்தார். கைக்கடிகாரத்தை என் மகனுக்குக் கட்டிவிட்டார். "இப்பத்தாண்ணே மனுசன் தெளிஞ்சிருக்காரு" என்று தங்கச்சி சந்தோஷப்படுகிறாள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தூக்கத்துக்கு நான்தான் மூன்று வாரமாக அல்பிரசோலம் 0.5 வாங்கிக் கொடுக்கிறேன். பாட்டில்களை ஒளித்துக் குடியை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? அவர் அம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவோம் என்கிறார். டாக்டரிடம் போனால் பென்ஷனும் லைசென்சும் போய்விடும் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருக்கிறார். மச்சான் முறையில் இருந்துகொண்டு நான் இதை எப்படிக் கேட்பது?

— பெயர் வேண்டாம்

(இவரைக் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கே தருகிறோம்.)

அன்புள்ள ஐயா,

உங்கள் வயிறு சொல்வதுதான் சரி. பல மாதம் கொந்தளித்த ஒருவர் சிகிச்சை எதுவும் இல்லாமல் திடீரென அமைதியாகி, கடனை அடைத்து, பொருளைப் பிரித்துக் கொடுத்து, தான் இல்லாத காலத்துக்கு வீட்டைத் தயார் செய்கிறார் என்றால் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாவதா வேண்டாமா என்ற போராட்டம் உள்ளே முடிந்துபோனாலும் முகத்தில் இப்படி ஓர் அமைதி வரும். தங்கச்சியிடம் இதை இன்றே சொல்லுங்கள், பயமுறுத்தாமல்.

முதலில் துப்பாக்கி. டாக்டருக்கும் முன்னால் அதுதான். அமெரிக்காவில் 2022இல் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையில் இறந்தார்கள்; பத்தில் ஏழு பேருக்கு மேல் துப்பாக்கியால். ஆயுதம் பழகிய கைக்கு யோசனைக்கும் செயலுக்கும் இடையில் தயக்கம் குறைவு. சாக வேண்டும் என்ற உந்துதல் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் சில நிமிடம், சில மணி நேரம். அந்த நேரத்தில் கருவி எட்டாத தூரத்தில் இருந்தால் உயிர் தப்புகிறது. இஸ்ரேல் ராணுவம் 2006இல் வார விடுமுறைக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்று மாற்றியது. தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன.

பீரோ சாவியைத் தங்கச்சி வாங்கி வைப்பது போதாது. பீரோவை உடைக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கும்போது மற்றவர் வைத்துக்கொள்வதும் சட்டச் சிக்கல். தேர்தல் சமயத்தில் எல்லாரும் ஸ்டேஷனில் கொடுத்து வைக்கிறார்களே, அதே போல எழுத்தில் கொடுத்து, தோட்டாக்களையும் எண்ணி ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். அவரையே உடன் அழைத்துப் போவது நல்லது. "உடம்பு தேறுற வரைக்கும் ஆயுதத்தை கோத்தில் வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். கோத் என்றால் படைப்பிரிவின் ஆயுத அறை. அங்கே ஆயுதத்தை ஒப்படைப்பது அவர் 17 வருஷம் செய்த வேலை, அவமானமாகப் படாது. மறுத்தால் நீங்களே இன்ஸ்பெக்டரைப் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள். பிறகு கோபித்துக்கொள்வார்; பரவாயில்லை.

அடுத்தது அந்தக் கேள்வி. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அப்படி விதைவதில்லை, கேட்ட பிறகு பாரம் குறைந்ததாகச் சொல்பவர்களே அதிகம். மச்சான் முறை குறுக்கே நிற்பது உண்மைதான், வீட்டுக் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்க மாட்டார். குடிக்காத காலை நேரத்தில் கரையோரமாக நடந்துகொண்டே, பக்கவாட்டில் இருந்து கேளுங்கள். "மாப்ள, பட்டாளத்துக்காரனா கேக்குறேன், மச்சானா கேக்கல. செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதா உங்களுக்கு?" இவ்வளவு நேராகத்தான் கேட்க வேண்டும். "தப்பா ஏதும் பண்ணிக்க மாட்டீங்கள்ல?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. ஆம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்தாரா, முன்பு எப்போதாவது முயன்றாரா என்பதையும் கேளுங்கள். பிள்ளைகளைக் காட்டிச் சத்தியம் வாங்காதீர்கள். அது குற்ற உணர்வைத்தான் கூட்டும்.

வழியும் நாளும் யோசித்து வைத்திருந்தால் அன்று இரவு அவரைத் தனியே விடக் கூடாது. 108ஐ அழையுங்கள், அல்லது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகக் கூட்டிப் போங்கள். முயற்சி செய்தவர் மீது போலீஸ் கேஸ் வரும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

குடியை ஒளித்து நிறுத்தும் யோசனையைக் கைவிடுங்கள். தினம் அரை பாட்டில் என்றால் 375 மில்லி. வருஷக் கணக்கில் அந்த அளவு போன உடம்பில் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரையே எடுக்கும். போர்க்கள நினைவுகள் உள்ளவருக்கு அந்தப் பிதற்றல் எந்த வடிவில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவமனையில் படுக்க வைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு, அளவாக மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அல்பிரசோலம் விஷயத்தில் உங்களைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் மருத்துவப் பிரிவில் இருந்தவர். அதுவும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், கட்டுப்பாடும் தளரும். இனி வாங்காதீர்கள். மீதி அட்டைகளை உங்கள் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்பதை மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று வாரம் தினமும் போனதைக் குறைக்கும் முறையை அவரே சொல்வார். இதையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இனி எந்த மாத்திரையானாலும் வீட்டில் ஒரு வார அளவுக்கு மேல் இருக்க வேண்டாம்.

நீங்கள் எழுதிய தூக்கமின்மை, தாழ்ப்பாள், வெடிச் சத்தம் எல்லாம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயை நோக்கிக் கைகாட்டுகின்றன. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். செர்ட்ராலின் போன்ற மருந்து கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் பதற்றம் கூடினால் உடனே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சை வாரம் ஒன்று வீதம் சுமார் 8 முதல் 15 அமர்வு. நடுவில் சில வாரம் கெட்ட கனவு அதிகமாகலாம், சிலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். காது இரைச்சலையும் இடுப்பையும் தனியே காட்டுங்கள். வருஷக் கணக்கில் டைக்ளோஃபினாக் போனால் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஓயாத வலியும் தூக்கமின்மையும் தனித்தனியாகவே தற்கொலை ஆபத்தைக் கூட்டுபவை. இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்குங்கள்.

கெட்ட கனவில் அலறும்போது தங்கச்சி தொட்டு எழுப்ப வேண்டாம். கால்மாட்டில் தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். தூக்கக் கலக்கத்தில் வீசும் கைக்கு மனைவி யார் என்று தெரியாது.

பென்ஷன் அவர் செய்த பணிக்கானது. ஓய்வுக்குப் பின் மனநல மருத்துவரைப் பார்த்ததற்காக நிற்காது. லைசென்ஸ் பற்றிய பயத்தில் நியாயம் உண்டு, மழுப்ப மாட்டேன், பிரச்சினை வரலாம். ஆயுதம் தேவையில்லாத பணி கிடைக்குமா என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஏர்வாடிக்கு அம்மா கூட்டிப் போகட்டும், தடுத்தால் வீடு இரண்டாகும். ஆனால் அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது, மருந்து ஒரு வேளையும் தவறக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் இறந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் ஒரு பாதுகாப்பு அட்டை தயார் செய்யுங்கள், சட்டைப்பையில் அடங்கும் அளவில், அவர் கையெழுத்தில். நிலை மோசமாகப் போகிறது என்பதற்கான அறிகுறி (இரவு இரண்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போவது போல), தனியாகச் செய்யக்கூடியது (வலை பின்னுவது, குளிப்பது), மனசை மாற்றும் இடமும் ஆளும், மனம்விட்டுப் பேசக்கூடிய பழைய யூனிட் நண்பர் இரண்டு பேரின் எண், மருத்துவர் எண், 24 மணி நேரமும் தமிழில் பேசும் இலவச மனநல உதவி எண் 14416, துப்பாக்கி எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பது. இதை எழுதி, பிறகு தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தபோது தற்கொலை நடத்தை சுமார் 45 சதவீதம் குறைந்ததாக அமெரிக்க முன்னாள் வீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தொடர்ந்து விசாரிப்பதை விட்டுவிட்டு அட்டையை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனையில் சேர்த்தால் வீடு திரும்பிய முதல் மூன்று மாதம், அதிலும் முதல் வாரம், மிக ஆபத்தான காலம். ஏழு நாளுக்குள் மறுபடி டாக்டரைப் பார்க்கும் தேதியைக் கையில் வாங்கிக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆகுங்கள். காலை ஐந்துக்கும் இரவு ஒன்பதுக்கும் ரோல் கால் மாதிரி நீங்கள் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.