போலீஸை யாராவது அடித்தால் 'கொலைவெறித் தாக்குதல்', போலீஸ் அடித்தால் 'லேசான தடியடி'. செய்திகளில் ஏன் இப்படி எழுதுகிறார்கள்?

சேலத்தில் ஒரு மாலைப் பத்திரிகையில் சில வருடம் செய்தி எழுதியிருக்கிறேன். அப்பா ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நான் வளர்ந்தது போலீஸ் குடியிருப்பில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் நினைப்பதுபோல இதில் சதி அதிகம் இல்லை, சோம்பல்தான் அதிகம்.

சம்பவம் நடந்ததும் நிருபர் கைக்கு முதலில் வருவது ஸ்டேஷன் தரும் குறிப்பு. அங்கே வழக்குத் தாள்களை எழுதும் போலீஸ்காரரான ரைட்டரிடம் வருடக்கணக்காக ஓடும் ஒரு வாக்கியம் உண்டு: 'பணி செய்யவிடாமல் தடுத்து, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து...' நடந்ததைப் பார்த்து எழுதியதல்ல அது. போடப்போகும் சட்டப் பிரிவுகளுக்கு ஏற்றபடி எழுதியது. பழைய இ.பி.கோ.வில் 294(பி) (தகாத வார்த்தை), 353 (பணியைத் தடுத்தது), 506(2) (கொலை மிரட்டல்) என்று மூன்றும் கைகோத்துத்தான் வரும். 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தில் அவை 296(பி), 132, 351(3) ஆகிவிட்டன. எண் மாறியது, வாக்கியம் மாறவில்லை. நிருபர் அதை அப்படியே அனுப்புவார். டெஸ்க்கில் தலைப்பு வைப்பவர் தன் பங்குக்கு 'கொலைவெறி' சேர்ப்பார். 'வாக்குவாதம்' என்று போஸ்டர் அடித்தால் எந்தக் கடையில் பேப்பர் போகும்?

ஏற்காடு அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். மலையிலிருந்து குடித்துவிட்டு இறங்கும் பைக் பையன்களை ஓரங்கட்டினால், ஒருவனாவது எகிறுவான். சாவியை எடுக்கப்போன கையைத் தட்டிவிடுவான். அப்படி ஒன்று எங்கள் பத்திரிகையில் 'போலீஸ்காரர் மீது கொலைவெறித் தாக்குதல். போதைக் கும்பல் அட்டூழியம்' என்று வந்தது. கும்பல் என்பது இரண்டு பேர். போலீஸ்காரருக்குச் சட்டைப் பட்டன் தெறித்தது, முழங்கையில் சிராய்ப்பு. பையன்கள் செய்தது தப்பு, கேஸ் போட்டதும் சரி. ஆனால் போட்ட பிரிவு 353, அதிகபட்சம் 2 வருடம். கொலை முயற்சி என்றால் அப்போது 307. போலீஸே சொல்லாத குற்றத்தைத் தலைப்பு சொல்லிவிட்டது.

அதைப் படித்துவிட்டு அதிகம் கடுப்பானவர் அப்பாதான். "பட்டன் பிஞ்சதுக்கே கொலவெறின்னா, நெசமா வெட்டுனா என்னடா போடுவீங்க?" என்றார். களியக்காவிளை சோதனைச் சாவடியில் 2020 ஜனவரி 8 அன்று எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடியவர்களை ராத்திரியில் துரத்திப் பிடித்த திருச்சி எஸ்.எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டிக் கொன்றார்கள். இந்த இரண்டுக்கும் எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. நடந்ததைச் சொன்னாலே வயிறு கலங்கும்.

போலீஸ் கை நீட்டும்போது மட்டும் தமிழ் திடீரென்று மென்மையாகிவிடும். கூட்டத்தை 'லேசான தடியடி நடத்திக் கலைத்தனர்'. பிடிபட்டவன் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்பான். படிப்பவரும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவார். 2021 ஜூனில் நம் மாவட்டத்திலேயே, பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் எஸ்.எஸ்.ஐ. லத்தியால் அடித்து ஒரு வியாபாரி இறந்தார். வீடியோ வெளியே வந்ததால் அடித்தது யார் என்று எழுத முடிந்தது. வீடியோ இல்லாமல் இருந்திருந்தால் 'போதையில் தகராறு, மயங்கி விழுந்து சாவு' என்றுதான் வந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

போலீஸைத் திட்டுகிறவர்களும் இதில் சுத்தம் கிடையாது. தனியாக மாட்டிய ஒரு கான்ஸ்டபிளைப் பத்து பேர் சேர்ந்து மொத்தினால் அதற்கு 'தர்ம அடி' என்று பெயர். அதில் என்ன தர்மமோ! சேலத்துக்கு இந்த வார்த்தை இழுபறி பழசு. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒருவர் 'கலவரம்' என்கிறாரா, 'படுகொலை' என்கிறாரா என்று கேட்டாலே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சரி, படிக்கிறவர் என்ன செய்வது? நான் தலைப்பைத் தாண்டி நேராக மூன்றாவது பத்திக்குப் போய்விடுவேன். என்ன ஆயுதம், எங்கே காயம், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா அல்லது கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்களா, எந்தப் பிரிவில் வழக்கு? பி.என்.எஸ். 132 என்றால் தாக்கியோ பலப்பிரயோகம் செய்தோ பணியைத் தடுத்தது, 121 என்றால் காயம் உண்டு, 109 என்றால்தான் கொலை முயற்சி. இதில் ஒன்றுகூட இல்லாமல் 'வெறி' மட்டும் இருந்தால், அந்தச் செய்தியை நான் யாருக்கும் ஃபார்வர்டு செய்வதில்லை.