கதிர்வீச்சும் பரவலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியை மட்டும் அகற்றிவிட்டார்கள். அடுத்து கதிர்வீச்சு என்கிறார்கள். கட்டியில் பி53 மரபணு பழுதாகியிருப்பதாக அறிக்கை சொல்கிறது. அப்படிப்பட்ட செல்கள் கதிர்வீச்சுக்குப் பின் வேகமாகப் பரவும் என்று படித்தேன். வீட்டிலும் ‘கரண்ட் வைத்தால் பரவிவிடும்’ என்று பயமுறுத்துகிறார்கள். அக்கா தயங்குகிறாள். என்ன சொல்வது?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அக்கா தயங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. அறுந்ததும் பி53 மரபணு உருவாக்கும் புரதம் செல் பிரிவதைத் தடுத்து நிறுத்துகிறது. சேதம் மிகுந்தால் செல்லைச் சாகவைக்கிறது. 1992இல் விஞ்ஞானி டேவிட் லேன் இதை மரபணுத் தொகுதியின் காவலன் என்று எழுதினார். மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இது பழுதாகியிருக்கிறது. பழுதான செல் நிற்காமல், அறுந்த இழைகளோடேயே பிரியப் போகிறது. பல செல்கள் அந்தப் பிரிவிலேயே சிதைந்து சாகின்றன. ஆகவே பி53 போனால் கதிர்வீச்சு பலிக்காது என்பதும் சரியல்ல.

தப்பிப் பிழைப்பவைதான் சிக்கல். கதிர்வீச்சு டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞையைத் தூண்டுகிறது. அதன் பிடியில் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நகரத் தொடங்கலாம். நீங்கள் படித்தது இதைத்தான். இவற்றில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டிலும் எலிகளிலும் கண்டவை.

மனிதர்களில் நடந்தது வேறு. கட்டியை மட்டும் அகற்றிய 10,801 பெண்களின் 17 சோதனைகளைத் தொகுத்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெறாதவர்களில் 35 சதவீதம், பெற்றவர்களில் 19 சதவீதம். பதினைந்தாண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் பெறாதவர்களில் 25 சதவீதம், பெற்றவர்களில் 21 சதவீதம். பி53 பழுதான கட்டி உள்ளவர்களும் இவர்களில் இருந்திருப்பார்கள். கதிர்வீச்சு நோயைப் பரப்புமானால் இறப்பு கூடியிருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கேள்வி. பழுது கட்டியில் மட்டுமா, பிறவியிலேயே உடல் முழுவதும் இருக்கிறதா? பிறவியில் வருவது லி-ஃப்ராமெனி நோய்க்குறி; அரிதானது. அவர்களுக்குக் கதிர்வீச்சு பட்ட இடத்தில் பின்னாளில் புதிய புற்று தோன்றும் ஆபத்து அதிகம் என்பதால், வேறு வழி இருந்தால் மருத்துவர்கள் கதிர்வீச்சைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். அக்காவுக்கு இளம் வயதா? குடும்பத்தில் குழந்தைகளுக்கோ இளைஞர்களுக்கோ புற்றுநோய் வந்திருக்கிறதா? அப்படியானால் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை தேவையா என்று சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். அறுவைக்குப் பின் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.