புயல் வராமல் போயிருந்தால்? – கேள்வி பதில்

(மாற்று வரலாற்றுக் கதை எழுத விரும்பும் வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்.)

வண்ணாரப்பேட்டை: அண்ணே, அரண்மனைச் சதி என்றாலே சோழர்தானா? நம்ம பக்கம் எதுவும் இல்லையா?

இருக்கு தம்பி. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் (பொற்காசு) வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் பேசி முடித்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளேயோ, அதே ஊரை ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் பேசிய கதைதான். அக்டோபரில் அடித்த புயலில் லபூர்தொனேயின் கப்பல்கள் நாசமாக, அவர் கிளம்பிவிட்டார். ஒப்பந்தத்தை டூப்ளே தூக்கி எறிந்தார்; நவாபுக்கும் ஊரைத் தரவில்லை.

காசிமேடு: அந்தப் புயலே அடிக்கலைன்னா?

இதைத்தான் எழுதணும். பணம் கைமாறும், ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பும். ஏமாந்த நவாப் தன் மகன் மாபூஸ்கானைப் படையோடு அனுப்ப வேண்டியிருக்காது. அடையாற்றுச் சண்டை நடக்காது. பிரெஞ்சுத் தரப்பில் பயிற்சி பெற்ற சில நூறு பேர், ஆயிரக்கணக்கான நவாப் படையை விரட்டியடித்த சண்டை அது. அது நடக்காவிட்டால், குதிரைப்படை இருக்க என்ன பயம் என்றே ஆற்காட்டு தர்பார் இன்னும் பல வருஷம் இருக்கும். வெள்ளைக்காரத் துப்பாக்கியின் பலம் தெரிந்த ஒரே ஒரு ஆள் அந்த தர்பாரில் இருந்தால்? அவன் அதை யாரிடம் சொல்வான், யாரிடம் மறைப்பான்? புயலை மட்டும் மாற்றுங்கள். கூடவே நவாபையும் அதிபுத்திசாலி ஆக்கினால் கதை கெட்டுவிடும்.

பெரம்பூர்: ஒற்றனுக்கு விஷ மோதிரம் கொடுக்கலாமா சார்?

மோதிரத்தை விடுங்கம்மா. உங்க ஊரில் 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்); அவர் நாட்குறிப்பைப் படியுங்கள். டூப்ளேயின் மனைவி ழான் தமிழ் தெரிந்தவர், தனியாக ஒற்றர்களை வைத்திருந்தார். பிள்ளைக்கும் அந்த அம்மாவுக்கும் ஆகாது. காலையில் பிள்ளை ஒரு சேதி சொல்கிறார், ராத்திரி மனைவி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். கவர்னர் யாரை நம்புவார்? ஒரு அத்தியாயம் தயார்.

தண்டையார்பேட்டை: வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு துரத்தல் காட்சி வைக்கவா?

வேண்டாம், அந்த ரோட்டுப் பெயரில் இருக்கும் மதில் (வால்) பிற்பாடு வந்தது. அன்றைய கறுப்பர் பட்டணம் (கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதி) இன்றைய ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பாதி இடிக்க, மிச்சத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்னகேசவப் பெருமாளுக்கும் அப்போது கோயில் அங்கேதான். துரத்தலை அந்தக் கோயில் வாசலில் வையுங்கள்.

ராயபுரம்: கிளைவ்?

பின்னாளில் ஆங்கிலேயரின் பெரிய தளபதியான அவர், பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பியதே டூப்ளே ஒப்பந்தத்தை மீறியதால்தான். புயல் இல்லையென்றால் கோட்டையில் குமாஸ்தாவாகக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அப்படியே விட்டுவிடுங்கள்.