நாவல் பூனையின் மருந்து வீட்டுப் பூனைக்கு ஆகுமா?

கேள்வி: காட்டில் கூட்டமாக வாழும் பூனைகளைப் பற்றிய ஆங்கில நாவல் தொடரை என் மகள் (11 வயது) விடாமல் படிக்கிறாள். அதில் வரும் வைத்தியப் பூனை 'மேரிகோல்டை' மென்று காயத்தில் அப்பி, சிலந்தி வலையால் மூடுமாம். எங்கள் பூனை சண்டையில் காலில் கடிபட்டு வந்திருக்கிறது. செண்டுமல்லியை அரைத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். முதலில், செடியே வேறு. இங்கிலாந்துக் கைவைத்தியத்தில் காயத்துக்குப் போட்ட மேரிகோல்டு, காலெண்டுலா. நம் பூக்கடைச் செண்டுமல்லி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த டாஜெட்டஸ். அதன் சாறு தோலில் எரிச்சல் தரும். கடைப்பூ என்றால் பூச்சிமருந்தும் ஒட்டியிருக்கலாம். பூனைக்குத் தடவுவது எதுவும் தோலோடு நிற்காது, நக்கி நக்கி வயிற்றுக்குள் போய்விடும்.

அந்த நாவல்களின் மூலிகைகள் பெரும்பாலும் பிரிட்டன் கிராமத்து மனிதர்கள் தங்களுக்குப் பயன்படுத்தியவை. கதாசிரியர் அவற்றைப் பூனையின் பாதத்தில் வைத்துவிட்டார். கதைக்கு அழகு, ஆனால் பூனையின் கல்லீரல் மனிதக் கல்லீரல் அல்ல. சில மருந்துப் பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து நம் உடல் வெளியேற்றும். பூனையிடம் அதற்கான நொதி மிகக் குறைவு. வில்லோ மரப்பட்டையிலுள்ள சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகை வலிநிவாரணப் பொருள்) நம் உடம்பில் சில மணி நேரத்தில் குறையும். பூனைக்குள் நாள் கணக்கில் தங்கும். பாராசிட்டமாலும் இதே கதைதான்: 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே 4 கிலோ பூனையைக் கொன்றுவிடும்.

எலிக்கடிக்குக் காட்டுப்பூண்டு என்று படித்திருப்பாள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது சில சின்ன வெங்காயம். பூண்டு அதைவிடக் கடுமை. சோர்வும் ஈறு வெளுப்பும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால் பூண்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

நாவலில் இருமலுக்குக் கொடுக்கும் கேட்மிண்ட் (புதினா குடும்பத்துச் செடி) விஷமல்ல, ஆனால் இருமலைக் குணமாக்காது. சுமார் மூன்றில் இரண்டு பூனைகள் அதில் பத்து நிமிடம் உருண்டு புரளும், அவ்வளவுதான். நம் குப்பைமேனி வேருக்கும் இந்த மயக்கு உண்டு. 'பூனைவணங்கி' என்று பெயரிட்டவர்கள் கண்ணால் பார்த்துத்தான் இட்டிருக்க வேண்டும். அதற்காக அரைத்துப் புகட்டாதீர்கள், அதில் சயனைடு தரும் சேர்மம் இருக்கிறது.

இனி உங்கள் பூனைக்கு. ரத்தம் வந்தால் சிலந்தி வலை தேவையில்லை. அது தூசியும் கிருமியும் சேர்ந்த பொருள். சுத்தமான பருத்தித் துணியை 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். நின்றதும் கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் 4.5 கிராம் உப்பு (தட்டையாக ஒரு சின்ன டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு) கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் காயத்தின் மேல் பீய்ச்சிக் கழுவுங்கள். டெட்டால், சுண்ணாம்பு, கற்பூரத் தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் கூடாது. மஞ்சள் பற்றும் போடாதீர்கள். காய்ந்து பொருக்காகி அடியில் சீழை மூடிக்கொள்ளும்.

கடிக்காயத்தில் ஏமாற்றும் சங்கதி இதுதான்: பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே ஒரு புள்ளி, உள்ளே ஆழம். தோல் ஒரே நாளில் மூடிவிடும், கிருமி உள்ளே மாட்டிக்கொண்டு 2 முதல் 4 நாளில் கட்டியாகும். அந்த இடத்து முடியை விலக்கித் தொட்டால் சூடாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும், பூனை நொண்டும், சாப்பாட்டை ஒதுக்கும். அதுவரை காத்திருக்காமல் முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் ஆன்டிபயாட்டிக்கோடு முடியும். தவறினால் கீறிச் சீழ் எடுக்க வேண்டிவரும். ரேபிஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்ற அட்டையையும் எடுத்துப் போங்கள். கழுவும்போது உங்களையோ மகளையோ பூனை கடித்தாலோ கீறினாலோ, அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.