ஜர்னல் கிளப்பை வார்டுக்கு இழுத்து வாருங்கள்

கேள்வி: குழந்தைகள் நலப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் பொறுப்பு. வாரந்தோறும் ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரையைச் சேர்ந்து வாசித்து விவாதிக்கும் கூட்டம்) நடக்கிறது. ஒருவர் ஸ்லைடை வாசிக்கிறார், மற்றவர்கள் போனை நோண்டுகிறார்கள். வார்டுக்குப் போனதும் பழைய வழக்கப்படியே மருந்து எழுதுகிறார்கள். சான்று சார்ந்த மருத்துவத்தை, அதாவது ஆய்வுகள் காட்டுவதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதை, இவர்களுக்கு எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குவதுதான் சிக்கல், படுக்கையில் இருக்கும் குழந்தையிடமிருந்து தொடங்குங்கள். வகுப்பறையில் தனியாக நடத்தினால் அறிவு மட்டும்தான் கூடுகிறது, நோயாளியைப் பார்க்கும் வேலையோடு சேர்த்து நடத்தினால்தான் திறனும் நடத்தையும் மாறுகின்றன என்று 2004லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு முறையான தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது) வந்துவிட்டது.

உதாரணமாக, ஏழு மாதக் குழந்தை, பிராங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்களில் வரும் வைரஸ் தொற்று), யாரோ சால்பியூட்டமால் நெபுலைசேஷன் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைப் புகையாக உள்ளிழுக்கக் கொடுப்பது) எழுதியிருக்கிறார். ரவுண்ட்ஸில் திட்டாதீர்கள், கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள்: இப்படிப்பட்ட குழந்தைக்கு இதைக் கொடுத்தால், கொடுக்காமல் விடுவதைவிட, எது குறையும்? இந்த 'எது'வில்தான் பலரும் சறுக்குவார்கள். ஆக்சிஜன் அளவு, மூச்சுத்திணறலுக்குப் போடும் ஸ்கோர் என்பார்கள். அம்மாவுக்கு வேண்டியது குழந்தை பால் குடிப்பதும் சீக்கிரம் வீடு திரும்புவதும். தேடல் வரிசை எளிது: வழிகாட்டி நெறிகள், காக்ரேன் அமைப்பு வெளியிடும் தொகுப்பாய்வு, அதிலும் இல்லையென்றால் தனி ஆய்வுகள். அமெரிக்கக் குழந்தைநல அகாடமியின் 2014 நெறியில் சால்பியூட்டமால் வேண்டாம் என்றே இருக்கிறது. மறுநாள் ரவுண்ட்ஸில் பதில் வரவேண்டும், மூன்று நிமிடம் போதும்.

எண்களைக் கற்றுக்கொடுக்க நான் பரிந்துரைப்பது ஃபீஸ்ட் ஆய்வு (2011). உகாண்டா, கென்யா, தான்சானியாவில், கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளுக்கு வேகமாக சலைன் ஏற்றியபோது 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், 3.2. நூறை அதால் வகுத்தால் சுமார் 31, அதாவது 31 குழந்தைகளுக்கு ஏற்றினால் ஒரு கூடுதல் மரணம். பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பை) ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இந்தக் கழித்தலில் முழிப்பார்கள், பரவாயில்லை, கையாலேயே போடட்டும். அப்புறம்தான் உண்மையான விவாதம்: இது நம் வார்டுக்குப் பொருந்துமா? அங்கே வென்டிலேட்டர் வசதி கொண்ட தீவிர சிகிச்சை இல்லை, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மலேரியா, வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. இரண்டு அணியாகப் பிரித்துச் சண்டை போடவிடுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

குழந்தை மருத்துவத்தில் இன்னொன்றும் உண்டு. பல மருந்துகளுக்குப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுதான் இருக்கும், குழந்தைகளிடம் நடந்ததோ சின்னதாக இருக்கும். ஆகவே 'பலன் இருப்பதாகக் காட்டவில்லை' என்பதும் 'பலன் இல்லை என்று காட்டியது' என்பதும் வேறு வேறு, நம்பக இடைவெளி (உண்மையான பலன் இருக்கக்கூடிய எல்லை) எவ்வளவு அகலம் என்று பார்க்காமல் யாரும் வாய் திறக்கக்கூடாது.

ஜர்னல் கிளப்பை நிறுத்த வேண்டியதில்லை. அந்த வாரம் வார்டில் எழுந்த கேள்விக்கான கட்டுரையை மட்டும் எடுங்கள், ஸ்லைடுக்குத் தடை, முடிவு அட்டவணையை ஒரே தாளில் அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுங்கள். மூத்த மருத்துவர் யாராவது 'என் அனுபவத்தில்...' என்று ஆரம்பித்துப் பேச்சை முடித்துவைத்தால் நீங்கள்தான் குறுக்கே புக வேண்டும், பயிற்சியில் இருப்பவர்களால் அது முடியாது. தேர்வு வைத்து மதிப்பிடாதீர்கள். சில மாதம் கழித்து கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுங்கள், பிராங்கியோலைட்டிஸுக்கு சால்பியூட்டமால் எழுதுவது குறைந்திருக்கிறதா என்று எண்ணிவிடலாம்.