விமானம் கழுவும் மருமகன்

வணக்கம் சார்,

என் தங்கை குடும்பம் அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கிறது. அவள் மகனுக்குப் பதினாறு வயது. பள்ளி விட்டதும், சனி ஞாயிறும் ஊருக்கு வெளியே உள்ள சின்ன விமானத் தளத்துக்குப் போய்விடுகிறான். விமானம் கழுவுவது, ஹேங்கர் (விமானக் கொட்டகை) பெருக்குவது, பெட்ரோல் போடுவது என்று எல்லா எடுபிடி வேலையும் செய்து, அந்தக் கூலியில் விமானம் ஓட்டக் கற்கிறான். அவன் அப்பா பணம் தருகிறேன் என்றாலும் வாங்குவதில்லை. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று தங்கை போனில் அழுகிறாள். படிக்கிற பையனுக்கு இது தேவையா? இப்படிக் காசு சேர்த்து நிஜமாகவே விமானம் ஓட்ட முடியுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

முடியும். அதே ஒஹையோவில், வாபகொனெட்டா என்ற சிற்றூரில், 1946-இல் ஒரு பையன் ஏறக்குறைய இதைத்தான் செய்தான். மருந்துக் கடையில் அவனுக்கு மணிக்கு 40 சென்ட் கூலி. விமானப் பாடத்துக்கு மணிக்கு 9 டாலர். ஒரு மணி நேரம் பறக்க இருபத்திரண்டரை மணி நேரம் கடையில் நிற்க வேண்டும். நின்றான். ஆகஸ்ட் 5, பதினாறாவது பிறந்த நாளன்று மாணவ விமானி உரிமம் வாங்கினான். அப்போது அவனிடம் கார் ஓட்டும் உரிமம்கூடக் கிடையாது. அவன் நீல் ஆம்ஸ்ட்ராங்.

நிலவுக்குப் போனவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அந்தக் கணக்குக்காகச் சொல்கிறேன். இன்று அங்கே பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் பறக்கப் பல இடங்களில் 200 டாலருக்கு மேல் ஆகிறது. உங்கள் மருமகனுக்கு மணிக்கு 15 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று பதினான்கு மணி நேர உழைப்பு. ஆம்ஸ்ட்ராங்கை விட நல்ல நிலைமைதான். அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண்மணி அமெலியா இயர்ஹார்ட்டும் லாரி ஓட்டி, புகைப்படம் எடுத்து, தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துத்தான் பாடத்துக்குப் பணம் சேர்த்தார்.

ஆனால் இவர்கள் வெளியே சம்பாதித்துத் தளத்தில் செலவு செய்தவர்கள். உங்கள் மருமகன் தளத்திலேயே வேலை செய்கிறான். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விமானம் கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் உடம்பில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அவற்றின் வழியாக உணர்ந்துதான் உயரமானியும் வேகமானியும் வேலை செய்கின்றன. தண்ணீர் புகுந்துவிடக் கூடாது என்று கழுவும்போது அவற்றை மூடுவார்கள். கழுவி முடித்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757-இல் அது மறந்துபோனது. துளைகள் மேல் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. விமானிகளும் புறப்படும் முன் சுற்றிப் பார்த்தபோது அதைக் கவனிக்கவில்லை. இருட்டில், கடலுக்கு மேல், எவ்வளவு உயரத்தில் என்ன வேகத்தில் போகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கருவிகள் தப்புத் தப்பாகக் காட்டின. விமானம் கடலில் விழுந்தது. இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள். துணியும் வாளியுமாக நிற்கும் அந்தப் பையன் கையில் அவ்வளவு பொறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு விமானத்தையும் தொட்டுத் துடைக்கிறவனுக்கு எங்கே ஆணி தளர்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் கசிகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். பெட்ரோல் போட்ட பிறகு இறக்கைக்கு அடியில் உள்ள குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார்கள். பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். பணம் கட்டிப் படிக்கிற மாணவன் இதை வாரத்துக்கு ஒரு முறை செய்வான். இவன் தினமும் செய்கிறான். தினமும் விமானிகள் பேசுவதைக் கேட்கிறான், வானிலை சரியில்லை என்று அனுபவசாலி ஒருவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதையும் பார்க்கிறான். எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு மணிக்கணக்கு போடுவதில்லை.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம் ஒன்று உண்டு. அது இடைவெளி. பின்னாளில் அட்லாண்டிக் கடலை நிற்காமல் தனியாகப் பறந்து கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க் 1922-இல் நெப்ராஸ்காவில் சுமார் எட்டு மணி நேரம் பாடம் படித்தார். தனியாகப் பறக்க வேண்டுமென்றால் விமானம் சேதமானால் ஈடுகட்ட முன்பணம் கட்டு என்றார்கள். அவரிடம் இல்லை. ஊர் ஊராகச் சாகசம் காட்டும் விமானிகளோடு சேர்ந்து விமானம் துடைத்தார், எஞ்சின் பழுது பார்த்தார், இறக்கை மேல் நடந்தார், பாராசூட்டில் குதித்தார். மறு ஆண்டு 500 டாலருக்கு ஒரு பழைய ராணுவ விமானம் வாங்கினார். பல மாதங்களாக ஓட்டாமல் இருந்ததால் முதல் முயற்சியில் தரையிறங்கும்போதே தடுமாறினார். அங்கிருந்த இன்னொரு விமானி கூட ஏறிச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் தனியாகப் பறந்தார். காசு சேரும்போதெல்லாம் மாதம் ஒரு பாடம் என்று போனால் கை பழகாது. போன மாதம் கற்றதைத் திரும்பக் கற்கவே பாதிப் பணம் போய்விடும். பத்துப் பாடங்களுக்குச் சேர்த்துவைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்றாகத் தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். முழு விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த உரிமம் பதினேழு வயதில்தான் கிடைக்கும், எனவே அவசரமில்லை.

எஞ்சின் நின்றிருந்தாலும் புரொப்பல்லர் (முன்னால் சுழலும் விசிறி) அருகே அவன் அலட்சியமாக இருக்கக் கூடாது. இதை அங்கே சொல்லியிருப்பார்கள், நீங்களும் சொல்லுங்கள்.

அப்பா ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மருத்துவப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். தனியாகப் பறக்கும் முன் அந்தச் சான்றிதழ் அவசியம். நிறம் பிரித்துப் பார்ப்பதில் ஏதாவது குறை இருந்தால், ஐயாயிரம் டாலர் செலவழித்த பிறகு தெரிவதை விட இப்போதே தெரிவது நல்லது. அடுத்த பாடத்துக்கு முன்னாலேயே அந்தச் சான்றிதழை எடுத்துவிடச் சொல்லுங்கள்.