நெஞ்சுக்குள் கட்டி, சிறு துளை அறுவை: மயக்க மருந்து டாக்டர் ஏன் தயங்குகிறார்?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. சில வாரங்களாக வறட்டு இருமல். சிடி ஸ்கேனில் மார்பெலும்புக்குப் பின்னால் பெரிய கட்டி இருப்பதாக வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை டாக்டர், கேமரா வைத்துச் சிறு துளைகள் வழியாகவே சதை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கழுத்தில் இருக்கும் நெறிகட்டியிலிருந்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, முதலில் பயாப்சி எடுங்கள் என்கிறார். துளைதானே போடப்போகிறார்கள், மயக்கம் கொடுப்பதில் அப்படி என்ன ஆபத்து?

பதில்: நான் மயக்கவியல் மருத்துவர். என் வேலையின் பெரும்பகுதி நெஞ்சு அறுவை அரங்கில்தான். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த மயக்க மருந்து டாக்டரின் தயக்கம் முழுக்க நியாயமானது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

வெளியே தெரியும் துளையின் அளவுக்கும் உள்ளே கொடுக்கும் மயக்கத்தின் கனத்துக்கும் தொடர்பில்லை. நெஞ்சுக்குள் கேமராவை விட வேண்டுமானால் அந்தப் பக்கத்து நுரையீரலைச் சுருங்க வைத்து, மற்றொரு நுரையீரலால் மட்டும் நோயாளியைச் சுவாசிக்கச் செய்ய வேண்டும். இதற்கென்று இரட்டைத் துளை மூச்சுக்குழல் இருக்கிறது. 1949-இல் சுவீடனைச் சேர்ந்த எரிக் கார்லன்ஸ் வடிவமைத்த குழலின் வழிவந்தது. சாதாரணக் குழலைவிடத் தடிமனானது, விறைப்பானது, மூச்சுக்குழாய் பிரியும் இடத்தையும் தாண்டி உள்ளே போக வேண்டியது. இடம் விரிவதற்காகச் சில சமயம் கரியமில வாயுவையும் நெஞ்சுக்குள் செலுத்துவார்கள். அது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடும். மார்பெலும்பைப் பிளந்து செய்யும் பழைய அறுவையில் இரண்டு நுரையீரல்களையும் இயக்கிக்கொண்டே வேலையை முடித்துவிடலாம். நோயாளிக்கு வலி குறைவு, தழும்பு சிறிது, வீடு திரும்புவது சீக்கிரம் என்ற நன்மைகள் எல்லாம் உண்மைதான். அவற்றுக்கான விலையில் ஒரு பங்கை மயக்கத்தில்தான் கொடுக்கிறோம்.

இது பொதுவான நிலைமை. உங்கள் தம்பியின் பிரச்சினை அதற்கும் மேலே. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள பகுதியை மீடியாஸ்டைனம் என்கிறோம். இதயம், பெரிய ரத்தக் குழாய்கள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாம் அந்தக் குறுகிய இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. முதுகெலும்பை ஒட்டிப் பின்புறம் வளரும் நரம்புக் கட்டிகள் பெரும்பாலும் மூச்சை அழுத்துவதில்லை. மார்பெலும்புக்குப் பின்னால், முன்புறம் வளர்பவைதான் எங்களைக் கலங்கடிக்கும். தைமஸ் சுரப்பிக் கட்டி, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று, விந்தணு, கருமுட்டை ஆகியவற்றை உருவாக்கும் வகைச் செல்களிலிருந்து வளரும் கருவணுக் கட்டிகள், கழுத்திலிருந்து உள்ளே இறங்கிய தைராய்டு வீக்கம் ஆகிய நான்கும் அங்கே வழக்கமாகக் காண்பவை.

நோயாளி மல்லாந்து படுத்ததும் கட்டியின் எடை மூச்சுக்குழாய் மீதும் ரத்தக் குழாய்கள் மீதும் இறங்குகிறது. விழித்திருக்கும்போது உதரவிதானம் கீழே இழுத்து, விலா எலும்புகள் விரிந்து, நெஞ்சுக்குள் ஓர் உறிஞ்சு அழுத்தம் உண்டாகிறது. அழுத்தப்பட்ட மூச்சுக்குழாயை ஓரளவு திறந்து வைத்திருப்பது அதுதான். மயக்கம் கொடுத்ததும் தசைகளின் இறுக்கம் தளர்கிறது, நுரையீரலின் கொள்ளளவு சுருங்குகிறது. தசைகளை முழுதாகத் தளர்த்தும் மருந்தையும் கொடுத்துவிட்டால் உதரவிதானம் மேலேறிவிடும். அதுவரை நோயாளி தன் சொந்த முயற்சியால் தாங்கிவந்த கட்டியை இப்போது தாங்குவதற்கு எதுவும் இல்லை.

"குழல் போட்டுவிட்டால் காற்று உள்ளே போய்விடாதா?" என்று உறவினர்கள் எல்லோரும் கேட்பார்கள். குழலின் முனை மூச்சுக்குழாயின் நடுப்பகுதியில் நிற்கும். நெரிசல் அதற்கும் கீழே, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலோ அதற்கு அப்பாலோ இருந்தால்? தோட்டத்துக் குழாயை நடுவில் ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போது, முனையில் எவ்வளவு பெரிய மோட்டாரைப் பொருத்தினாலும் தண்ணீர் வராது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதும் இங்கே உதவாது, ஏனென்றால் அடைப்பு அதற்கும் கீழே இருக்கிறது. வேறு எந்த அறுவையிலும் மூச்சுக்கு வழி கிடைக்காவிட்டால் எங்களுக்கு ஒரு கடைசிக் கதவு உண்டு. இந்த நோயில் அந்தக் கதவும் அடைபட்டிருக்கலாம்.

மூச்சு மட்டுமல்ல, ரத்த ஓட்டமும் சிக்கல்தான். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையைக் கட்டி அழுத்தினால் முகம் வீங்கும், கழுத்து நரம்புகள் புடைக்கும், குனிந்தால் தலை கனக்கும். இவர்களுக்குக் கையில் ஏற்றும் மருந்து இதயத்தைச் சரியாகச் சென்றடையாது. அதனால் ஊசிக் குழாயைக் காலில் போட்டுக்கொள்கிறோம். நுரையீரல் தமனியோ இதயத்தின் வலப்பக்கமோ அழுந்தியிருந்தால், இதய உறையில் நீர் கோத்திருந்தால், மயக்கம் தொடங்கிய நிமிடமே ரத்த அழுத்தம் சரியலாம். எக்கோ பரிசோதனை கேட்பது இதற்காகத்தான்.

ஆபத்தை எப்படி அளக்கிறோம்? எனக்கு மிக முக்கியமான சோதனை, எந்த இயந்திரமும் இல்லாத ஒரு கேள்வி: "இரவில் தட்டையாகப் படுத்துத் தூங்க முடிகிறதா?" ஒரு பெண்மணியிடம் இதைக் கேட்டேன். நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். அருகில் நின்ற அவருடைய மகள், "அம்மா நாற்காலியில்தான் தூங்குகிறார், அதுவே பழக்கமாகிவிட்டது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தால் மறுநாள் போட்டிருந்த திட்டத்தை முழுதாக மாற்றினோம். நோயாளிகள் பொய் சொல்வதில்லை. மெதுவாக வளரும் கட்டிக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால், எது இயல்பு என்பதே அவர்களுக்கு மறந்துவிடுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தால் மூச்சு இலகுவாகிறது என்பதையும் நான் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அரங்கில் ஏதாவது தவறினால் நோயாளியை நாங்கள் முதலில் திருப்பப்போவது அந்தப் பக்கம்தான்.

அடுத்தது சிடி ஸ்கேன். மூச்சுக்குழாய் மிகக் குறுகிய இடத்தில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்க்கிறோம். குழந்தைகளைப் பற்றி பாஸ்டனில் ஷாம்பெர்கர் குழுவினர் 1990-களில் செய்த ஆய்வுகளிலிருந்து ஓர் எல்லை நிலைத்தது: மூச்சுக்குழாயின் குறுக்குப் பரப்பு இருக்க வேண்டிய அளவில் பாதிக்கும் கீழே போனாலோ, முழு பலத்தோடு மூச்சை ஊதும் வேகம் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தாலோ, முழு மயக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளின் மூச்சுக்குழாய் மென்மையானது, எளிதில் நசுங்கும். பெரியவர்களிடம் நிலைமை சற்று ஆறுதலானது. கனடாவின் கியூபெக்கில் 105 மயக்க நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அரங்கில் மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டது ஒருவருக்கும் நடக்கவில்லை. சிக்கல்கள் அறுவைக்குப் பிந்தைய நாட்களில்தான் அதிகம் வந்தன. மூச்சுக்குழாய் பாதிக்கு மேல் குறுகியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. 2022-இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில், பெரியவர்களின் மூச்சுக்குழாயைக் கேமராவால் பார்த்துக்கொண்டே மயக்கமும் தசைத் தளர்ச்சியும் கொடுத்தபோது, பயந்த அளவுக்கு அது குறுகவில்லை. எனவே "சுயமூச்சை ஒருபோதும் நிறுத்தக் கூடாது" என்ற பழைய விதியைப் பற்றி எங்கள் துறையிலேயே இன்று விவாதம் நடக்கிறது. என் நிலைப்பாடு இது: படுக்க முடியாத நோயாளியிடம் புதுக் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் உரிமை எனக்கில்லை.

மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு படியிலும் திரும்பி வர வழி வைத்துக்கொண்டு போகிறோம். பாதி உட்கார்ந்த நிலையில் தொடங்குவோம். சிலருக்கு விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போகச் செய்து, வளையும் கேமராவால் நெரிசலைக் கண்ணால் பார்த்தபடி, அதைத் தாண்டிக் குழலை இறக்குவோம். கெட்டமின், செவோஃப்ளூரேன் போன்ற மருந்துகளை மெல்ல மெல்லக் கூட்டி, நோயாளி தானே மூச்சு விடுவதைக் காப்போம். கையால் பையை அழுத்தி, காற்று தடையின்றிப் போகிறது என்று உறுதியானால் மட்டுமே தசைத் தளர்ச்சி மருந்து. இவ்வளவு நேரமும் அறுவை சிகிச்சை நிபுணர் கையுறை அணிந்து, உறுதியான உலோகக் குழாய்க் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும். காபி குடிக்கப் போயிருக்கக் கூடாது.

"இதய-நுரையீரல் இயந்திரம் தயாராக இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று யாராவது சொன்னால், அதை உடலோடு இணைக்கும் குழாய்களைத் தொடையில் முன்பே போட்டுவிடுவீர்களா என்று கேளுங்கள். அரங்கின் மூலையில் இயந்திரம் சும்மா நிற்பதால் பயனில்லை. மூச்சு அடைபட்ட பிறகு தொடையைத் திறந்து, குழாய் செருகி, ஓட்டத்தைத் தொடங்குவதற்குள் மூளை தாங்கக்கூடிய சில நிமிடங்கள் கடந்துபோய்விடும். டொரண்டோவின் மயக்கவியல் நிபுணர் பீட்டர் ஸ்லிங்கர் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருகிறார். மிக ஆபத்தான நோயாளிகளுக்கு மயக்கம் தொடங்கும் முன்பே, விழித்த நிலையில், குழாய்களை வைத்துவிடுவதே சரி.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன். 26 வயதில், முன்புறத்தில், பெரிய கட்டி, கழுத்தில் நெறிகட்டி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது லிம்போமா. அதுவானால் சிகிச்சை மருந்துகளால்தான், கட்டியை வெட்டி எடுப்பதே இல்லை. கருவணுக் கட்டியாக இருந்தால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற ரத்தப் பரிசோதனைகளே துப்புக் கொடுத்துவிடும். நம் ஊரில் காசநோய் நெறிகட்டிகளையும் மறக்க முடியாது. ஆகவே முதலில் வேண்டியது நோயின் பெயர். அதைக் கழுத்து நெறிகட்டியிலிருந்து, உட்கார்ந்த நிலையில், முழு மயக்கம் இல்லாமலே பெற முடியும் என்றால், அதைவிடச் சிறிய அறுவை எதுவும் கிடையாது. நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அந்த நீரும் உதவும். கட்டியையே தொட வேண்டுமானாலும் சிடி ஸ்கேன் பார்த்து ஊசி மூலம் எடுக்கலாம்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மூச்சுத் திணறலுக்கு என்று யாராவது ஸ்டிராய்டு கொடுத்துவிட்டால், லிம்போமா சில நாட்களிலேயே சுருங்கி, பிறகு எடுக்கும் சதையில் நோயை அடையாளம் காண்பது கடினமாகிவிடும். உயிருக்கே ஆபத்து என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி பயாப்சி முடியும்வரை புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை எல்லா டாக்டர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

துளை வழி அறுவை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய தைமஸ் கட்டி, நீர்க்கட்டிகள், பின்புற நரம்புக் கட்டிகள் ஆகியவற்றுக்கு அது அருமையான வழி. மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயாளிகள் இதனால் நிறையப் பயனடைகிறார்கள். 1936-இல் ஆல்ஃபிரட் பிளாலாக் இந்த நோய் கொண்ட ஓர் இளம் பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார், அவள் தேறினாள். கட்டி இல்லாத மயஸ்தீனியா நோயாளிகளுக்கும் தைமஸ் சுரப்பியை அகற்றுவது பயன் தரும் என்பதை முறையாக நிரூபிக்க 2016 வரை ஆயிற்று. 126 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில் செய்தது மார்பெலும்பைப் பிளக்கும் அறுவைதான். இன்று அதே வேலையைக் கேமராவாலும் ரோபோவாலும் பல இடங்களில் செய்கிறார்கள். இருமும் வலிமை ஏற்கெனவே குறைந்த இந்த நோயாளிகளுக்கு வலி குறைவாக இருப்பது பெரிய வரம். ஆனால் இவர்களுக்குத் தசைத் தளர்ச்சி மருந்து மிகச் சிறிய அளவிலேயே ஆழமாக வேலை செய்யும். எனவே தைமஸ் கட்டி என்று சந்தேகம் வந்தாலே, இமை தொங்குகிறதா, மாலையில் பார்வை இரண்டாகத் தெரிகிறதா, மெல்லும்போது தாடை சோர்கிறதா என்று விசாரிப்போம்.

கட்டி பெரிதாகவோ பெரிய ரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவியோ இருந்தால், துளையைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்காத அறுவை நிபுணரே நல்ல நிபுணர். தைமஸ் கட்டியின் உறை கிழிந்தால் செல்கள் நெஞ்சுக்குள் சிதறிப் பின்னாளில் மீண்டும் முளைக்கலாம். பாதியில் நெஞ்சைத் திறக்க முடிவெடுப்பது தோல்வி ஆகாது.

மயக்கம் தெளிந்த பிறகான முதல் இரவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், தலையை உயர்த்திய நிலையில் கழிக்க வேண்டியிருக்கலாம். பயாப்சி மட்டும் எடுத்திருந்தால் கட்டி அங்கேயேதான் இருக்கும், சதை எடுத்த இடம் வீங்கினால் நெரிசல் சற்றுக் கூடவும் கூடும். அதற்கான படுக்கை உறுதியான பிறகே அரங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சிடி அறிக்கையில் மூச்சுக்குழாயைப் பற்றிய வரி எது என்று கதிரியக்க மருத்துவரிடம் கேட்டு, மிகக் குறுகிய இடத்தின் அளவையும் அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். தம்பி எப்படிப் படுத்துத் தூங்குகிறான் என்பதை வீட்டில் அவனுடன் ஒரே அறையில் இருப்பவர் வந்து சொல்லட்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு, அறுவை நிபுணரும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே நேரத்தில் இருக்கும்போது போய் உட்காருங்கள்.